பந்தும் புத்தகமும்



கிறிஸ்துமஸ் நெருங்கினால், தருமபுரியின் வத்தல்மலை போன்ற மலையூர்ப் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை நம் சபைகளில் பலருக்கு வரும். உலக அளவில் அந்த ஆசை எடுத்த பெரிய வடிவம் காலணிப் பெட்டிப் பரிசு. ருமேனியக் குழந்தைகளுக்காக 1990இல் வேல்ஸில் தொடங்கிய அந்த வேலையை, 1993இல் அமெரிக்காவின் சமாரிட்டன்ஸ் பர்ஸ் அமைப்பு கையில் எடுத்தது. இதுவரை இருபது கோடிப் பெட்டிகளுக்கு மேல் போயிருக்கின்றன. மூடியின்மேல் ஒரு சீட்டு: ஆணா பெண்ணா, வயது 2–4, 5–9, 10–14இல் எது என்று. உள்ளே பந்து, கலர் பென்சில், சீப்பு, சோப்பு. பெட்டியோடு இயேசுவின் கதை சொல்லும் சிறு புத்தகம். பிறகு, விரும்பும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பாடங்கள்.

முகம் தெரியாத பிள்ளைக்காக ஒரு குடும்பம் உட்கார்ந்து பெட்டி கட்டுவதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். எனக்கு உறுத்துவது பந்தும் புத்தகமும் ஒரே கையிலிருந்து வருவதுதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

வத்தல்மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடி மக்களிடம், கொல்லிமலையில், வேறொரு வழி பின்பற்றப்பட்டது. 1913இல் மணமுடித்து அங்கே குடியேறியவர்கள், மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதியர். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்டின் பெற்றோர். நரம்புச் சிலந்தி நோய் கண்டவர்களின் காலிலிருந்து, புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாளுக்குக் கொஞ்சமாக வெளியே இழுத்தார் ஜெஸ்ஸி. பள்ளி வைத்தார், தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். இத்தனைக்கும் பல ஆண்டுகள் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. உள்ளூர்ப் பூசாரி எதிர்த்து நின்றார். அந்தப் பூசாரியே காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, தன் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். கவனியுங்கள், பெற்றவர் முதலில் நம்பினார். குழந்தை அதன் பிறகே வந்தது.

ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினை மிஷன் ஓய்வு பெறச் சொன்ன பிறகும், மட்டக்குதிரை ஏறிக் கல்வராயன் மலைவரை போய்க்கொண்டிருந்தார். தொண்ணூறைக் கடந்து, 1974இல்தான் காலமானார்.

வத்தல்மலைக்கு இன்று சாலை இருக்கிறது. காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போட்டோ எடுத்து, சாயங்காலம் தருமபுரிக்குத் திரும்பிவிடலாம். அந்தச் சுலபம்தான் எனக்குப் பயம்.

போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடமும் தாய்மாரிடமும் போய் உட்காருங்கள். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மலைக்குளிருக்கு ஸ்வெட்டரோ, பள்ளிக்குப் பையோ, அவர்கள் சொல்வதை வாங்கிக் கொடுங்கள். எந்தச் சாமி கும்பிடும் வீடு என்று பாராமல் எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள். உங்கள் விசுவாசத்தைப் பெரியவர்களிடம், அவர்கள் கேட்கும்போது, வெளிப்படையாகச் சொல்லுங்கள். அடுத்த ஜூனில், கிறிஸ்துமஸ் இல்லாத மாதத்திலும், மறுபடி மலையேறுங்கள்.