முதலில் கை பழகட்டும்



விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது குழந்தையின் கையில் நாம் பென்சிலைத் திணிப்பதில்லை. விரலைப் பிடித்து, தட்டிற் பரப்பிய அரிசியிலே 'அ' எழுதுவிக்கிறோம். மறுநாளோ கொப்பியைக் கொடுத்து, கோட்டுக்குள் எழுதென வற்புறுத்துகிறோம். 1991, 2000, 2009 எனப் போர் கண்ட ஆனையிறவில், கல்வியே எஞ்சிய முதலென்று பெற்றார் அவசரப்படுவது எங்களுக்கு விளங்குகிறது. ஆயினும் மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளிற் பல இன்னும் குருத்தெலும்பாகவே உள்ளன. அக்கை விரைவில் களைக்கும். களைத்த பிள்ளை படிப்பையே வெறுக்கும்.

1907ஆம் ஆண்டு உரோமாபுரியிற் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மொன்ரிசோரி அம்மையார், 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். பொத்தான் பூட்டுதல், நீர் வார்த்தல், சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவுதல் ஆகியவற்றையே அவர் எழுத்துக்கு முன் ஆயத்தமாக வைத்தார்.

இவற்றுக்கு நம்மூரிற் பெரும்பணம் வேண்டியதில்லை. களிமண் உருட்டலாம், பனையோலை பின்னலாம், புளியங்கொட்டைகளை இரு விரலால் எடுத்துச் சிரட்டையில் இடலாம். கொட்டை வாய்க்குட் போகாதபடி பெரியவர் ஒருவர் அருகிருத்தல் அவசியம். இவ்வேலைகளாற் பெருவிரலும் சுட்டுவிரலும் இணைந்து இயங்கப் பழகும். பின்னர் பென்சில் பிடிப்பது இலகுவாகும்.

ஆகவே அன்பர்களே, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மாலை கட்டும்போது பிள்ளையின் கையிலும் ஒரு நாரைக் கொடுப்போம். மாலை கோணலாயினும் இறைவன் ஏற்பான், கை தேறும்.