தலைகளை எண்ணினால் போதுமா?



ஆண்டுதோறும் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் தமிழரும் சிங்களரும் திரளக் காண்கிறோம், மகிழ்கிறோம். ஆயினும், தலைகளை எண்ணிச் சமயத்தின் வலிமையை அளந்துவிட முடியுமா?

1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடுத்தனர். பதவி வேண்டுவோர் அவர்தம் சபையில் திருமுழுக்குப் பெறவேண்டியிருந்தது, பதிவேடுகள் பெருத்தன. 1687-இல் கூலியாள் வேடத்தில் வந்த யோசேவாஸ் அடிகளாரிடமோ அரசுமில்லை, பதவியுமில்லை. ஒளிந்து வழிபட்டோரைத் தேடிப் புத்தளத்திலும் கண்டியிலும் உழைத்து, 1711-இல் மறைந்தார்.

1796-இல் ஒல்லாந்தர் ஆட்சி சாய்ந்தது. பதிவேட்டில் பெருத்த சபை உதிர்ந்தது. ஒளிந்து வாழ்ந்த சபை நிலைத்தது!

அன்பர்களே, சலுகைக்குச் சேர்ந்த கூட்டம் சலுகையோடு போகும். இடர் வரும் நாளில் நம்மில் எத்தனைபேர் நிற்போம்? அந்த எண்ணையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.