சேறும் ஜீப்பும்



வண்டி கழுவுவதைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். ‘இதுவும் ஒரு சொற்பொழிவுக்குரிய பொருளா?’ என்று உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவன்தான். அதற்குரிய விலையை நான் ஒருவனே கொடுத்திருந்தால் கவலையில்லை. என்னை நம்பி வந்த மூன்று மாணவர்களும் கொடுக்க நேர்ந்தது.

ஜீப் என்னும் வண்டி போர்க்களத்திற் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லீஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்வதால், பாதையில்லாத இடத்திலும் அது செல்லும். 1944 ஜூன் 6-இல் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, ஜீப்புகளின் மின்பகுதிகளையும் காற்றுத் துளைகளையும் நீர் புகாதவாறு முன்கூட்டியே காப்பிட்டிருந்தார்கள். எங்கும் செல்லும் வண்டிக்கும் நீர் பகை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். விடுதலைக்குப் பின் மகிந்திரா நிறுவனத்தின் வாயிலாக அவ்வண்டி நம் மலைப் பாதைகளுக்கும் வந்து சேர்ந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சிற்றூர் ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியனாகப் பணியாற்றினேன். அவ்வூருக்கு இருந்தது ஒரே ஒரு டீசல் ஜீப். அரிசி வருவதும் அதில்தான். நோயாளி மருத்துவமனைக்குப் போவதும் அதில்தான். அதன் ஓட்டுநர் ஐந்தாம் வகுப்பு வரை படித்த முதியவர். மாலைதோறும் ஓடையிலிருந்து வாளியில் நீர் மொண்டு வந்து வண்டியைக் கழுவுவார். மேற்புறத்தை அவர் பெரிதாகக் கருதுவதில்லை. அடியிற் படுத்து, மூங்கிற் சிம்பினால் மூலைமுடுக்குகளிற் படிந்த சேற்றைக் குடைந்தெடுப்பார்.

“நாளைக்கும் இதே சேறுதானே, பெரியவரே! கழுவி என்ன பயன்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நாளைக்கும் சாப்பிடப் போகிறோம் என்று தட்டைக் கழுவாமல் வைப்போமா, வாத்தியாரய்யா?” என்றார் அவர். நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன்.

1990-களின் இறுதியில் ஓர் அக்டோபர் மாதம். தவறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டிய மூன்று மாணவர்களை அடிவாரத்திலிருந்த தேர்வு மையத்திற்கு அழைத்துச் சென்றேன். பெரியவர் வெளியூர் போயிருந்தார். அவருடைய மருமகன் வண்டியோட்டினான். இரவு பெய்த மழையில் ஓடை பாதையை மூடி ஓடிற்று. “ஆழம் பார்த்துவிட்டுப் போகலாம், ஐயா, வண்டியும் சூடாயிருக்கிறது” என்று அவன் தயங்கினான். “நேரமாகிறது, வேகமாக விடு” என்று ஆணையிட்டவன் நான்.

வேகத்தில் எழுந்த அலை முன்மூடியின்மேல் ஏறிற்று. நட்டநடு ஓடையில் எஞ்சின் நின்றது. பதறிய இளைஞன் மீண்டும் சாவியைத் திருகினான். ‘டக்’ என்று ஓர் ஒலி, அவ்வளவுதான். ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு கரையேறி, மூன்று மைல் நடந்தோம். தேர்வு மணி அடிக்கும்போது நனைந்த உடையோடு அவர்கள் உள்ளே சென்றார்கள். மூவரில் ஒருவன் தேறவில்லை. அவன் வேறு காரணத்தாலும் தவறியிருக்கலாம். ஆயினும் என் நெஞ்சம் அச்சமாதானத்தை இன்றளவும் ஏற்கவில்லை. வண்டி பட்டறையிற் கிடந்த ஒரு மாதமும் நோயாளிகளை டோலி கட்டித் தோளிற் சுமந்தார்கள்.

திரும்பி வந்த பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அடியில் படுத்துக் கழுவுகிறவனுக்கு வண்டியின் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும், ஐயா” என்று மட்டும் சொன்னார்.

மூக்கு என்றால் யாது? எஞ்சின் காற்றை இழுக்கும் வாய். டீசல் எஞ்சினின் பிஸ்டன், காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்று அடங்கும், நீர் அடங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்தபின் எஞ்சினைச் சுழற்றினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அன்று நடந்தது அதுவே. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கும் இதே விதிதான். நீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே அறிவுடைமை.

சூட்டைப் பற்றி அவ்விளைஞன் சொன்னதும் உண்மையே. ஓடிச் சூடேறிய கியர் பெட்டியும் அச்சுப் பெட்டியும் குளிர்ந்த நீரில் மூழ்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கும். வெளிநீரைத் துளைவழியே உறிஞ்சும். எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால், நீர் புகுந்துவிட்டது என்று பொருள்; உடனே மாற்ற வேண்டும். சூட்டால் காற்று விரிவதையும் குளிரால் சுருங்குவதையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய நான், ஓடைக்கரையில் அதை மறந்தேன்!

இனிச் சேறு. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும். மூலையில் ஒட்டிய சேறு ஈரத்தைப் பல நாள் விடாமல் வைத்திருக்கும். கதவின் அடியிலும் சட்டத்திலும் நீர் வடியவென்று இட்ட சிறு துளைகளை அடைத்துவிடும். ரேடியேட்டரின் இடுக்குகளை மூடினால் எஞ்சின் கொதிக்கும்; பிரேக்கில் புகுந்தால் தேய்க்கும். கடற்கரை மணலில் ஓடிய வண்டிக்கு உப்பினால் கேடு இன்னும் விரைவில் வரும்.

ஆகவே, சேறு இறுகுமுன் கழுவுங்கள். எஞ்சின் ஆறியபின் கழுவுங்கள். அடிப்பகுதியில் தொடங்குங்கள். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் வேகமான நீரைத் தாங்கி உருளைகளின்மீதும் மின் இணைப்புகளின்மீதும் பாய்ச்ச விடாதீர்கள். ரேடியேட்டருக்கு மென்மையான நீரே போதும். கழுவியபின், கிரீஸ் இட வேண்டிய இடங்களுக்கு இடுங்கள். நீரைக் கடக்குமுன் இறங்கி ஆழம் பாருங்கள். அடித்துச் செல்லும் வெள்ளமாயின் திரும்புங்கள். கடக்கலாம் என்றால் தாழ்ந்த கியரில் நடைவேகத்திற் செல்லுங்கள். கரையேறியதும் பிரேக்கை மெல்ல அழுத்தி உலர்த்துங்கள். 2020-இல் வந்த மகிந்திரா தார் வண்டிக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை எனத் தயாரிப்பாளரே வரையறுத்திருக்கிறார். உங்கள் வண்டியின் எல்லையையும் அதன் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

லாரியில் ஓட்டுநருக்குத் துணையாகச் செல்பவரை நம் நாட்டில் ‘கிளீனர்’ என்கிறோம். அப்பெயரைச் சிலர் இழிவாக எண்ணுவர். ஆனால் நாள்தோறும் துடைப்பவனே முதலில் கசிவைக் காண்கிறான். முதலில் விரிசலைக் காண்கிறான். நல்ல ஓட்டுநர் பலர் அப்படித் துடைத்துத்தான் தொழில் கற்றார்கள். மிதிவண்டியாயினும் சரி, ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியாயினும் சரி, நீங்கள் கையாளும் கருவியை உங்கள் கையாலேயே துடைத்துப் பாருங்கள். புத்தகத்திற் படித்த விதி அப்போது உங்கள் விரல்நுனிக்கு வந்து சேரும். எனக்கு அது காலங்கடந்து வந்தது. உங்களுக்குக் காலத்தில் வருக!