திறந்த வழி நமது உரிமை

(நமது சங்கத்தின் திருவனந்தபுரம் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, குடியிருப்பு, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் படிப்பு என்று பிரச்னைகள் குவிந்து கிடக்கையில் இன்டர்நெட்டைப் பற்றிப் பேச நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாலை பஜாரில் மூட்டை தூக்குகிறவர் வாரக் கூலியை வள்ளியூருக்கு அனுப்புவது இன்று கைப்பேசி வழியே. ஊரில் படிக்கும் பிள்ளையின் பள்ளிச் செய்தி வருவதும், ரயில் டிக்கெட் எடுப்பதும், அரசுத் தேர்வுக்கு மனுப்போடுவதும் அதே வழியே. பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்த நமக்கும் ஊருக்கும் இடையே உள்ள பாதை அது. அந்தப் பாதையை யார் திறப்பது, யார் மூடுவது என்பது நம் பிரச்னை இல்லாமல் வேறு யார் பிரச்னை?

திறந்த இணையம் என்றால் என்ன? ரயில்வே கவுண்டரில் உட்காரும் எங்களைப் போன்றவர்கள் எந்த ஊருக்கு, எந்த வகுப்பு என்று கேட்போம். அங்கே யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. முதலாளி வீட்டுக்குப் போனால் ஒரு கட்டணம், சங்க மாநாட்டுக்குப் போனால் வேறு கட்டணம் என்று வாங்குவதுமில்லை. இணையத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். நாம் எதைப் படிக்கிறோம், யாரோடு பேசுகிறோம் என்று பார்த்துக் கம்பெனி கட்டணத்தையோ வேகத்தையோ மாற்றலாகாது.

இந்தப் பாதையை இரண்டு கைகள் மூடப் பார்க்கின்றன. ஒன்று வியாபாரத்தின் கை. மற்றொன்று ஆட்சியின் கை.

இலவசம் என்ற வேலி

2015 பிப்ரவரியில் பேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து ஏழைகளுக்கு இலவச இணையம் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் அதற்கு 'ஃப்ரீ பேஸிக்ஸ்' என்று பெயரிட்டது. முதலில் இறக்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் கேரளமும் உண்டு. ஆனால் அந்த இலவசத்தில் கிடைத்தவை தொடக்கத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்த முப்பத்துச் சொச்சம் தளங்கள் மட்டுமே. பணமுள்ளவனுக்கு உலகம் முழுவதும். ஏழைக்கு வேலி போட்ட ஒரு முற்றம்! இதற்குப் பெயர் தர்மமா?

நாட்டு மக்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனிகள் கட்டணத்தில் பாகுபாடு காட்டலாமா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது, 2015 ஏப்ரலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8இல் ஆணையம் அத்தகைய பாகுபாட்டுக் கட்டணத்தைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு ரூ.50,000, அதிகபட்சம் ரூ.50 லட்சம் அபராதம். அந்த வாரமே பேஸ்புக் இந்தியாவில் அத்திட்டத்தைக் கைவிட்டது.

அப்படியானால் இலவசமே கூடாதா? கூடும். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, ரயில் நிலையங்களில் ரயில்டெல் நிறுவனம் இலவச வைஃபை கொடுத்தது. எறணாகுளம் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் அதை வைத்தே கேரள பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வுக்குப் படித்துத் தேறினார் என்று 2018இல் பத்திரிகைகள் எழுதின. தலையில் சுமை, காதில் பாடம்! இன்ன தளத்தில்தான் படிக்கலாம் என்று யாரும் அவருக்கு வேலி போடவில்லை. நாம் கேட்பது இந்த இலவசத்தையே.

மூடப்பட்ட நாட்கள்

2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மே 27 வரை இணையத்தை நிறுத்த ஆணை வந்தது. நம்மில் பலருக்கு இவைதான் சொந்த மாவட்டங்கள். பாறசாலையில் இருந்த இணையம், பக்கத்துக் களியக்காவிளையில் இல்லை!

வதந்தியைத் தடுக்கவே என்றார்கள். உண்மைச் செய்தி நின்ற இடத்தில்தான் வதந்தி முளைக்கும் என்பது கிராமத்துக் கிழவிக்கும் தெரியும். இணையத்தை நிறுத்தும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1885இல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தின்கீழ் 2017இல் எழுதிய விதிகளிலிருந்து. தந்திச் சேவை 2013 ஜூலையிலேயே நின்றுவிட்டது. தந்திச் சட்டமோ நம் வாயைக் கட்ட உயிரோடு இருந்தது.

2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் மூடப்பட்டது. அந்த வழக்கில் 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம், காலவரையற்று மூடுவது செல்லாது, ஆணையை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், விடுதி மாணவி ஒருவரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் இணையத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்த்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024இல் புதிய விதிகளும் வந்தன. காரணத்தோடு ஆணையை வெளியிட வேண்டும் என்று அவ்விதிகள் சொல்கின்றன. ஆனால் மூடும் அதிகாரம் போகவில்லை.

உலக மேடையில் நாம் எங்கே?

இணைய முகவரிகளை ஒழுங்கு செய்வது கலிபோர்னியாவிலுள்ள ஐகான் அமைப்பு. 2016 அக்டோபர் 1 வரை அதன்மீது அமெரிக்க அரசின் மேற்பார்வை இருந்தது. எல்லா நாட்டாரும் கலந்து பேச வேண்டும் என்று 2005இல் துனிஸ் மாநாட்டில் முடிவாகி, ஆண்டுதோறும் இணைய ஆளுமை மன்றம் கூடுகிறது. 2008 டிசம்பரில் அது ஹைதராபாத்தில் கூடியபோது, 'எல்லோருக்கும் இணையம்' என்பதே தலைப்பு. 2010, 2011ஆம் ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்ற பெயர்கள் தமிழ் எழுத்திலேயே முகவரிப் பட்டியலில் ஏறின. மகிழ்ச்சிதான். ஆனால் அரசுகளும் கம்பெனிகளும் அமரும் மேஜையில் மூட்டை தூக்குகிறவனின் குரலும் கேட்க வேண்டாமா?

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைப்போம். ஒன்று, இணையத்தை நிறுத்தும் ஆணை ஒவ்வொன்றும் காரணத்தோடு, மக்கள் மொழியில், உடனே வெளிவர வேண்டும். இரண்டு, பாகுபாட்டுக் கட்டணத்தடையை எந்தப் பெயராலும் தளர்த்தலாகாது. மூன்று, 2023 ஜூன் 5இல் தொடங்கிய கேரள அரசின் கேஃபோன் திட்டம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தருவதாகச் சொன்னது. அட்டை இல்லை, சொந்த வீடு இல்லை என்று நம் குடும்பங்களை அதில் ஒதுக்கலாகாது.

டிராய்க்குப் போன பத்து லட்சம் கடிதங்களும் தனித்தனி மனிதர்கள் அனுப்பியவையே. அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது நம் குடும்பங்களிலிருந்தும் கடிதம் போக வேண்டும். தமிழிலேயே எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.