சித்தன்னவாசல் பச்சை எந்தப் பச்சை?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே அறிவர் கோயில் விதானத்தில் ஒரு தாமரைக்குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் அதில் உண்டு. 9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஓவியத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிச்சமிருப்பதும் மங்கிவருகிறது. அதனால்தான் நாம் எடுக்கும் படத்தின் நிறம் முக்கியமாகிறது.

அந்தப் படத்தை நான்கு பேருக்கு அனுப்பினால் நான்கு திரையில் நான்கு பச்சை தெரியும். ஏன்? படக் கோப்புக்குள் இருப்பவை வெறும் எண்கள். சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். ஊருக்கு ஊர் படியின் அளவு மாறிய காலத்தில், பத்துப் படி நெல் என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்டார்கள் அல்லவா? இங்கேயும் அதே கேள்விதான். அதற்குப் பதில் சொல்வது கோப்போடு சேர்ந்து வரும் கலர் புரொஃபைல்.

1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைத்தன. 1999இல் அது சர்வதேசத் தரமானது. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னோர் அளவு அதைவிட அகலமானது, பச்சையில் குறிப்பாக. அதில் சேமித்த படத்தின் புரொஃபைல் வழியில் கழன்றுபோனால், எதிர்முனையில் தாமரை இலை வெளிறித் தெரியும். ஓவியமே வெளிறிவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பார். எனக்கு அதுதான் வருத்தம்.

ஆகவே, பிறருக்கு அனுப்பும் பிரதியை எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வர்ட்' செய்து, புரொஃபைலைக் கோப்பிலேயே பதித்து அனுப்புங்கள். 'அசைன்' செய்யாதீர்கள், அது எண்களை அப்படியே விட்டுவிட்டு அவற்றின் பொருளை மாற்றிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

மானிட்டரையும் கவனிக்க வேண்டும். நைட் லைட், விவிட் மோடு இரண்டையும் அணையுங்கள். வெள்ளையை 6500 கெல்வினுக்கு வையுங்கள். நிறத்தை வைத்து முடிவெடுக்கும் வேலை என்றால், திரைமேல் தொங்கவிட்டு அளக்கும் கேலிப்ரேட்டர் கருவி கட்டாயம் தேவை. அது உருவாக்கும் புரொஃபைல் அந்த மானிட்டருக்கு மட்டுமே உரியது. அதைப் படத்தில் பதிக்கக் கூடாது. இவ்வளவு செய்தாலும் இரண்டு திரைகள் அச்சு அசலாக ஒத்துப்போகாது, ஆனால் நெருங்கிவரும்.

சித்தன்னவாசல் போன்ற இடங்களில் ஆவணத்துக்காகப் படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உரிய அனுமதியோடு, ஓவியத்தைத் தொடாமல், அதே வெளிச்சத்தில் 24 கட்ட வண்ண அட்டையையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஓவியத்தைப் பளிச்சென்று காட்ட நிறத்தைக் கூட்ட வேண்டாம். கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பை அந்த அட்டைப் படத்தோடு சேர்த்தே சேமித்து வையுங்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து ஒருவர் அதைத் திறந்து, இலை எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்து பார்க்க அந்த அட்டைதான் துணை.