பிறவி வீரமும் நாலு விநாடியும்
(வண்ணாரப்பேட்டையில் செய்த சொற்பொழிவு)



இந்தப் பேட்டைக்குப் பெயர் வந்த காரணம் உங்களுக்குத் தெரியும். கும்பினியார் கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்த மக்கள் குடியிருந்த இடம் இது. வெளுத்தவன் மகன் வெளுக்கவே பிறந்தான் என்று சாஸ்திரம் பேசியவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதே பேச்சை வெள்ளைக்காரத் தளபதிகளும் பேசினார்கள் என்பதையும், அதற்கு ஒரு கிராமத்துப் பட்டாளத்துக்காரர் கொடுத்த பதிலையும் சொல்லவே நாம் இங்கு வந்தோம்.

1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பிறகு இந்தியப் படை முழுவதுக்கும் தலைவராயிருந்தவர் ராபர்ட்ஸ் என்பவர். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கற்றவன், வடக்கே சில கூட்டத்தார்தான் பிறவி வீரர்கள் என்பது அவர் கட்சி. இதற்குப் "போர் ஜாதி" என்று பெயரும் வைத்தார்கள். மனுவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எந்தத் தமிழரையும் தெலுங்கரையும் சிப்பாயாக வைத்துக் கும்பினியார் ராஜ்யம் பிடித்தார்களோ, அவர்களுடைய காலாட்படைகள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டன. 1780-இல் தோன்றிய சென்னை சாப்பர் படை மட்டும் நிலைத்தது. ரோடு போடவும், பாலம் கட்டவும், வெடி தோண்டவும் ஆள் வேண்டுமல்லவா?

பிறகு 1939 செப்டம்பர் 3-ந் தேதி, நம்மை ஒரு வார்த்தை கேளாமலே, இந்தியாவும் சண்டையில் சேர்ந்ததாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். ஆள் தேவைப்பட்டதும் போர் ஜாதித் தத்துவம் எங்கே போயிற்று? கலைத்த சென்னை ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். இந்தியப் பட்டாளம் 25 லட்சம் பேராகப் பெருகிற்று.

அந்தப் பட்டாளத்தில், செங்கற்பட்டு ஜில்லா கீழ்ஒட்டிவாக்கம் கிராமத்துச் சுப்பிரமணியன் என்பவர் சாப்பர் படைச் சுபேதார். அந்நாளில் சுபேதார் என்றால் கீழிருந்து ஏறிவருகிற இந்தியருக்கு எட்டும் பெரிய பதவிகளில் ஒன்று. ஆனாலும் நேற்றுச் சீமையிலிருந்து வந்திறங்கிய இளம் வெள்ளை ஆபீசருக்கு அவர் கீழ்தான். அங்கேயும் பிறப்புத்தான் பேசிற்று!

1944-இல் இத்தாலி தேசத்தில் மின்யானோ என்ற ஊரருகே கண்ணிவெடி அகற்றும் வேலையில் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். முன்னே போனவரின் காலில் ஒரு வெடி அகப்பட்டது. அது மிதித்தவுடன் வெடிப்பதன்று. நாலு விநாடி பொறுத்து, இடுப்பளவு எழும்பி, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளைச் சுற்றிலும் சிதற அடிப்பது. சுப்பிரமணியனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான், ஓடித் தப்புவதை விட்டு, அந்த வெடியின்மேல் விழுந்து படுத்தார். அவர் மாண்டார், உடன் நின்றவர்களைக் காத்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பதக்கத்தை அவர் மாண்ட பிறகு சர்க்கார் வழங்கிற்று.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். நாலு விநாடியில் எந்த சாஸ்திரத்தைப் புரட்ட முடியும்? யார் என்ன ஜாதி என்று கேட்க ஏது நேரம்? விதி என்று சொல்லுவீர்களானால், எழுந்து ஓடியிருந்தால் அதுவும் விதியென்றுதானே சொல்லுவீர்கள்? அப்படியானால் அந்த மனிதருக்குப் பெருமை எங்கே? அவர் செய்தது அறிவு கொடுத்த கணக்கு. மனிதத்தன்மை கொடுத்த துணிவு. லாயக்கற்றவன் என்று ஒதுக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைச் செய்தார். அவர் நம்மவர் என்பதற்காக, தமிழனே பிறவி வீரன் என்று நாமும் பேசினால், ராபர்ட்ஸின் பொய்யையே திருப்பிச் சொன்னவர்களாவோம்.

பட்டாளத்தில் மாண்டவருக்குக் கல் நட்டு, படையலிட்டு, சாமியாக்குவது நம் நாட்டுப் பழைய வழக்கம். சாமியாக்கிவிட்டால் நமக்கு வேலையில்லை. சாமிக்குத்தான் அது முடியும் என்று திருப்தியடைந்து விடலாம். ஆகையால் சுப்பிரமணியனைச் சாமியாக்காதீர்கள். மனிதராகவே வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கருகே கடற்கரையிலுள்ள போர் நினைவுச் சின்னத்தைக் கடக்கும்போது, கேள்வி கேளாத சர்க்கார் அனுப்பிய சண்டையில் மாண்ட கிராமத்துப் பிள்ளைகளை நினையுங்கள். வீட்டுக்கு வந்ததும், "இவன் பிறவி இப்படி" என்று எவன் எவனைப் பார்த்துச் சொன்னாலும், அந்த நாலு விநாடியை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.