உலையில் போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி

போன எபிசோடு கேட்டுட்டு ஒரு தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, தினமும் தேவனுக்கு நன்றி சொல்ல மூணு விஷயம்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். பத்து நாள்ல வறண்டு போச்சு. நல்ல தூக்கம், நல்ல காபின்னு அதையேதான் திரும்பத் திரும்ப எழுதுறேன்." சிரிச்சுட்டேன். ஏன்னா என் நோட்டும் அப்படித்தான் நின்னுச்சு.

எங்க ஆச்சி வீடு சேரன்மகாதேவி. ஆச்சிகிட்ட நோட்டு கிடையாது, அடுக்களையில ஒரு தகர டப்பா இருந்துச்சு. சோறு பொங்க அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில போடுவாங்க. அளந்ததுக்கு அப்புறம்தான் எடுக்கணும், அதை கவனிங்க. மூட்டையிலிருந்து எடுத்தா அது மிச்சம். அளந்ததிலிருந்து எடுத்தா, அன்னைக்கு வீட்டுல யாருக்கோ ஒரு வாய் குறையும். பெரும்பாலும் அது ஆச்சிக்குத்தான் குறைஞ்சிருக்கும்னு இப்போ தோணுது. ஞாயித்துக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும்.

பிடி அரிசி காணிக்கைன்னா நம்ம ஆளுங்களுக்கே இப்போ கொஞ்சம் கூச்சம். ஆனா மிசோரம் சபைகள்ல 1910 வாக்கில தொடங்கின இதே பழக்கம், இன்னைக்கும் ஊழியத்துக்குக் கோடிக்கணக்கில தாங்குது. நம்ம பக்கத்திலேயும் பாருங்க. 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சப்போ, ஆளும் நம்ம ஆளு, காசும் நம்ம காசுன்னு முடிவு பண்ணாங்க. அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர் வெள்ளாளன்விளையில பிறந்த அசரியா. 1912-ல ஆங்கிலிக்கன் சபையில பேராயரான முதல் இந்தியர் அவர்தான். வசதியான ஊர்களோட பெருந்தன்மையில நடந்த வேலை இல்ல அது.

சரி, இப்போ கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வரேன். லூக்கா 18-ம் அதிகாரத்துல ஒரு பரிசேயன் ஆலயத்துல ஜெபம் பண்றான். அவன் ஜெபம் எதுல தொடங்குது தெரியுமா? நன்றியில! மத்தவங்களை மாதிரி, அதோ நிக்கிற ஆயக்காரனை மாதிரி நான் இல்லையேன்னு நன்றி. நம்ம நோட்டுலயும் இது நுழையுது. சிக்னல்ல கை நீட்டுற பாட்டியைப் பார்த்துட்டு, "ஆண்டவரே, என்னை நல்லா வச்சிருக்கீங்க"ன்னு சொல்றோம். அந்தப் பாட்டி நம்ம நன்றிக்கு ஒரு அளவுகோலா மட்டும் ஆகிடுறாங்க. நான் இதைப் பல தடவை செஞ்சிருக்கேன்.

சேரன்மகாதேவின்னதும் சரித்திரம் படிச்சவங்களுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும். 1920-கள்ல வ.வே.சு. ஐயர் நடத்தின குருகுலம் இந்த ஊர்லதான் இருந்துச்சு. அங்க பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தின்னு தெரிஞ்சதும் வரதராஜுலு நாயுடு, பெரியார்னு பலரும் எதிர்த்தாங்க. காந்தி வரைக்கும் போன விவகாரம். சபைக்குள்ள மட்டும் சாதி இல்லாம இருந்துச்சான்னு கேட்டா, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதனாலதான் நம்ம ஊர்க் கோயில்கள்ல வைக்கிற அசனம் எனக்குப் பெரிசாத் தெரியுது. அண்டா அண்டாவா சோறு வடிச்சு, எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுறது. பக்கத்து இலையில யார்னு பார்த்து எழுந்து போறவனோட ஸ்தோத்திரம் எங்க போய்ச் சேரும்?

இப்போ அந்தத் தங்கச்சியோட நோட்டு. காபின்னு எழுதுறது தப்பில்ல, அங்கேயே நிக்காம இன்னும் ஒரு வரி கூட எழுதுங்க, அவ்வளவுதான். ஆச்சி சாப்பாட்டு ஜெபம் ரொம்ப நீளம், குழம்பு ஆறிடும். பொதிகையில பெஞ்ச மழை, கன்னடியன் கால்வாய்ல வந்த தண்ணி, மடை திறந்துவிட்டவர், கார்லயும் பிசானத்துலயும் சேத்துல நின்னு நாத்து நட்ட பொம்பளைங்க, எல்லாரும் அதுல வருவாங்க. நட்டவங்கள்ல சில பேரை ஆச்சி பேர் சொல்லியே ஜெபிப்பாங்க. பசியில எனக்கு எரிச்சலா வரும். இப்போ யோசிச்சா, என் தட்டுல இருக்கிறதை விளைவிச்ச ஒரு ஆளோட பேர் கூட எனக்குத் தெரியாது.

டப்பா இப்போ சென்னையில என்கிட்ட இருக்கு. நான் சமைக்கிறதே அபூர்வம், ஸ்விகி ஆர்டர்ல எதுல ஒரு பிடி எடுக்கிறது? அதனால ஒவ்வொரு ஆர்டருக்கும் இருபது ரூபாய் அதுல போடுறேன். பார்சல் கொண்டுவர்றவர்கிட்ட பேர் கேக்கவும் ஆரம்பிச்சிருக்கேன். முதல் ஆள், ஏதோ கம்ப்ளெயிண்ட் பண்ணப் போறேன்னு பயந்துட்டாரு. "இல்லண்ணே, ஜெபத்துல சொல்லத்தான்"னேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, அம்மா பேரையும் சேர்த்துச் சொல்லுங்கன்னாரு.